ஜூலை காட்டாறா, பிப்ரவரி பிச்சாவரமா? கொலுசுப் பட்டறைத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணா, சேலம் செவ்வாய்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். நான், வீட்டுல அவங்க, 11 வயசுப் பையன், மூணு பேரும் கைடோட போற கயாக் (துடுப்பு போட்டு ஓட்டற சின்னப் படகு) டூர் ஒண்ணு போகலாம்னு இருக்கோம். ஒருத்தர் ஜூலை கடைசியில கோழிக்கோடு பக்கம் காட்டாறுங்கறார், இன்னொருத்தர் ராமேஸ்வரம் கடல், வருஷம் பூரா ஓட்டலாம்ங்கறார். எனக்கு கிணத்து நீச்சல் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. ஏற்காடு ஏரியில பெடல் போட் மிதிச்சதுதான் எங்க அனுபவம். எங்க, எந்த மாசம், அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

பதில்: நேரா சொல்லிடறேன் தம்பி, ஜூலை கோழிக்கோடு இந்த வருஷம் வேண்டாம். ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரியில பிச்சாவரம் போங்க. ராமேஸ்வரம் அடுத்த தடவை.

கோழிக்கோடுன்னா அவர் துஷாரகிரி பக்கம் சாலிப்புழா, இருவஞ்சிப்புழாவைத்தான் சொல்றார்னு நினைக்கிறேன். மழைக்காலத்துல வெளிநாட்டுல இருந்தெல்லாம் கயாக்கர்கள் வந்து போட்டி போடற ஆறு அது, மலபார் ரிவர் ஃபெஸ்டிவல்னு தேடினா வீடியோ கிடைக்கும், பாத்தா கை துறுதுறுங்கும். ஆனா அந்த ஆறு முழுக்க மழையை நம்பி ஓடுறது, குறுகலா, பாறை பாறையா இருக்கும், நீங்க நிக்கற இடத்துல வெயில் அடிச்சாலும் மேல மலையில ஒரு மழை புடிச்சா கொஞ்ச நேரத்துல தண்ணி நிறம் மாறி ஏறிடும். கிணத்து நீச்சல் நல்லதுதான், இல்லைன்னு சொல்லல, ஆனா கிணத்துத் தண்ணி நம்மள எங்கயும் இழுத்துட்டுப் போகாது. ஆத்துல கவுந்தா முதல்ல எழுந்து நிக்கத்தான் தோணும், அதைத்தான் செய்யக்கூடாது, பாறை இடுக்குல கால் மாட்டிக்கிட்டா பின்னாடி வர்ற தண்ணி ஆளை அப்படியே முன்னால அமுக்கிடும். மல்லாக்கப் படுத்து, காலை முன்னாடி நீட்டி, விரல் நுனி தண்ணிக்கு மேல தெரியற மாதிரி மிதந்து போகணும். இதை கைடு கரையிலேயே ரெண்டு தடவை செஞ்சு காட்டலைன்னா அந்த டூர்ல ஏறாதீங்க.

நம்ம ஊர்ல ஒரு வசதி என்னன்னா, சேலத்துக்காரனுக்கு கன அடி பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மேட்டூர் 120 அடி எப்ப தொடும், காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற பிலிகுண்டுலுல இன்னைக்கு எவ்ளோ வருதுன்னு டீக்கடையிலேயே பேசுறோம், அந்தக் கணக்கு ஏறிட்டா ஒகேனக்கல்ல பரிசலை நிறுத்திடறாங்க. அதே கேள்வியை டூர்காரர்ட்டயும் கேளுங்க: உங்க ஆத்துல தண்ணி எங்கிருந்து வருது, மழையா, டேம் திறப்பா, எந்த அளவுக்கு மேல போனா டூரை நிறுத்துவீங்க, நிறுத்தினா காசு திரும்ப வருமா? ஒரு அளவை டக்குனு சொல்றவர நம்பலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னா போனை வச்சிடுங்க.

கடலுக்கு வருவோம். வருஷம் பூரான்னு சொன்னார் பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா, மீனவர்கள் வடக்க பெண்கடல், தெக்க ஆண்கடல்னு சொல்லுவாங்க. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து, தெக்குப் பக்கம் அலை அடிக்கும், வடக்க தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். அடடா சூப்பர்னு இறங்கிடுவோம். ஆனா காத்து கரையில இருந்து கடலுக்குள்ள வீசுது, போறப்ப துடுப்பே போட வேண்டாம்ங்கற மாதிரி இருக்கும், திரும்பறப்பதான் கை கழண்டுடும். வடகிழக்குக் காத்து அடிக்கற டிசம்பர், ஜனவரியில இதே கதை தெக்குப் பக்கம் நடக்கும். அதனால எந்த மாசம்னு மட்டும் கேக்காதீங்க, அந்த மாசம் எந்தப் பக்கம் இறக்குவீங்க, காத்து எங்கிருந்து எங்க வீசும், கூட மோட்டார் போட் வருமான்னு கேளுங்க. பழகாத ஆளுங்களுக்கு மார்ச் மாசம் காலை நேரம் தேவலாம்.

பிச்சாவரம் ஏன்னா அங்க அலை கிடையாது, ஆழமும் பெருசா இல்ல, அலையாத்திக் காட்டுக்குள்ள வாய்க்கா வாய்க்காவா போகும், காத்தை மரமே தடுத்துடும். நவம்பர்ல போனா புயல் சின்னம், கனமழைன்னு லீவை வீணாக்குவீங்க, பொங்கல் கூட்டம் கலைஞ்சப்புறம் போங்க. ஆத்தூர், விருத்தாசலம் வழியா சிதம்பரம் நாலஞ்சு மணி நேரம், முந்தின நாளே போய்த் தங்கிட்டு காலையில முதல் ஆளா இறங்குங்க. ஒரே ஒரு விஷயம், பையன்கிட்ட கிளையைப் புடிச்சு ஒடிக்காதடான்னு சொல்லி வைங்க. அங்க தில்லை மரம் இருக்கு, சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு வந்ததே அதாலதான், அதோட பால் கண்ணுல பட்டா பயங்கரமா எரியும், கொஞ்ச நேரம் பார்வையே தெரியாமப் போகலாம்.

படகு மேல உக்காந்து ஓட்டற டைப்பா கேளுங்க, ரெண்டு பேர் உக்கார்றதா இருந்தா நல்லது. உள்ள காலை நுழைச்சு இடுப்பைச் சுத்தித் துணி மாட்டற கயாக்குல கவுந்தா தண்ணிக்குள்ள இருந்தபடியே துணியை இழுத்துட்டு வெளிய வரணும், பழகாம முடியாது. வீட்டுல அவங்க முன்னாடி சீட்ல, பின்னாடி கைடு; இன்னொரு படகுல நீங்க பையனோட.

ஆன்லைன்ல காத்தடிக்கற கயாக் வாங்கி பூலாம்பட்டியில ஓட்டிப் பழகலாமான்னு உங்களுக்கு ஒரு யோசனை வரும் (எனக்கே வந்துச்சு). வேண்டாம். மேட்டூருக்குக் கீழ காவிரியில வரிசையா கதவணை, தண்ணி எப்ப விடுவாங்கன்னு நமக்குத் தெரியாது, தடுப்புக்குக் கீழ சுழற்சியில மாட்டினா லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் வெளிய விடாது. வீட்டுல அவங்களுக்குத் தண்ணி பயம் போகணும்னா பூலாம்பட்டியில இருந்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகுல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, அது போதும்.

லைஃப் ஜாக்கெட்ல நான் ஒரு தடவை கோட்டை விட்டிருக்கேன், பெரியவங்க சைஸை ஒரு சின்னப் பொண்ணுக்கு மாட்டி, தண்ணியில இறங்கினதும் அது காது வரைக்கும் ஏறி முகத்தை மூடிடுச்சு, நல்லவேளை முட்டி அளவு தண்ணி. மாட்டினதும் ரெண்டு தோள் பட்டையையும் புடிச்சு மேல தூக்கிப் பாருங்க, தாடையைத் தாண்டினா அது வேலைக்காகாது. பையனுக்கு ரெண்டு தொடைக்கு நடுவுல பட்டை போற மாதிரி இருக்கறது வேணும். அவன் எடையையும் நெஞ்சுச் சுத்தளவையும் இப்பவே எடுத்து டூர்காரருக்கு அனுப்பி, அந்த சைஸ் இருக்குன்னு போட்டோ வந்ததுக்கு அப்புறம் அட்வான்ஸ் போடுங்க.