எனக்குப் பிடித்த பாட்டுகளுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராஜாவும் பிடிக்கிறது, ரகுமானும் பிடிக்கிறது, சங்கீதம் படித்ததில்லை, 'உனக்கு டேஸ்ட்டே இல்லை' என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர்களை விடுங்கள். இசையமைப்பாளர் பெயரை வைத்து ரசனையைப் பிரிப்பதுதான் கோளாறு.

இருபது பாட்டை எழுதுங்கள். நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள நன்றாயிருக்கும் பாட்டு வேண்டாம், போனில் உண்மையிலேயே திரும்பத் திரும்ப ஓடுவது மட்டும். எந்த இடத்துக்காகப் பின்னால் தள்ளிக் கேட்கிறீர்களோ, அந்த நிமிடம், நொடியைப் பக்கத்தில் குறியுங்கள். பெரும்பாலும் இடையிசையில் விழுந்தால் உங்களைப் பிடித்திருப்பது வாத்திய அமைப்பு. சரணத்தில் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில் விழுந்தால் பாடகர். பல்லவியின் முதல் வரியிலேயே விழுந்தால் மெட்டு. அப்போதுதான் ராகத்தைத் தேட வேண்டும்.

உதாரணமாக ரீதிகௌளை ராகம். 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' (1977) இளையராஜா, 'அழகான ராட்சசியே' (1999) ரகுமான், 'கண்கள் இரண்டால்' (2008) ஜேம்ஸ் வசந்தன். மூன்றும் பட்டியலில் இருந்தால் காரணம் ராகம்தான் என்று ஓரளவு நம்பலாம். முதல் பாட்டு மட்டும் இருந்தால், அதைப் பாடிய பாலமுரளிகிருஷ்ணாவின் 'மௌனத்தில் விளையாடும்', 'ஒரு நாள் போதுமா' இரண்டையும் போட்டுப் பாருங்கள். ராகம் வேறு, இசையமைப்பாளர் வேறு, குரல் ஒன்று. இவையும் பிடித்தால் உங்கள் ஆள் அவர்தான்.

ராகத்தைத் தேடுவதில் எல்லாரும் வழுக்கி விழுவது ஸட்ஜத்தில், அதாவது பாட்டின் ஆதார ஸ்வரமான ஸ-வில். தம்பூரா ஆப்பில் ஒரு கட்டைச் சுருதியிலிருந்து (கீபோர்டில் C) அரை அரைக் கட்டையாக ஏற்றிக்கொண்டே போங்கள். பல்லவி முடிந்து நிற்கும் இடத்தில் எந்தச் சுருதி உறுத்தாமல் உட்காருகிறதோ அதுதான் ஸ. பாட்டின் நடுவில் வைத்துச் சோதிக்காதீர்கள். சினிமாப் பாட்டில் கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாறிக்கொண்டே இருப்பதால், சரியான சுருதியும் அங்கங்கே இடிப்பதுபோல் கேட்கும். ஸ தப்பினால் எல்லாம் தப்பும். மோகன ராகத்தின் ஸ ரி க ப த-வில் காந்தாரத்தை (க) ஸ என்று எடுத்துக்கொண்டால் கீபோர்டின் அதே ஐந்து கட்டைகள் ஹிந்தோள ராகம் ஆகிவிடும், ரிஷபத்தை (ரி) எடுத்தால் மத்தியமாவதி.

ஸ கிடைத்த பிறகும், கீபோர்டில் ஸ்வரங்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினால் ரீதிகௌளை பிடிபடாது. அதன் ஸ்வரங்கள் கரஹரப்பிரியா ராகத்துக்கும் உள்ளவைதான். ஸ-க-ரி-க-ம என்று வளைந்து ஏறும் அந்த நடைதான் ராகம். அதனால் அடுக்காமல், பல்லவியின் முதல் வரியை வந்த வரிசையிலேயே வாசித்து எழுதுங்கள்.

(ராகம் தெரிந்தால்தான் ரசிக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. சினிமாப் பாட்டில் ராகத்தில் இல்லாத அந்நிய ஸ்வரம் வரும், சுத்தமான ராகம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். கமெண்டில் கம்பு சுற்ற வேண்டாம்.)

யூடியூபில் காப்புரிமைப் பிடியில் சிக்காமல் இருக்க அரைக் கட்டை ஏற்றியும் இறக்கியும் போடுகிறார்கள், அவற்றை வைத்துச் சுருதி பார்க்காதீர்கள். இதைவிட எரிச்சல், படத்தின் போஸ்டரைப் பெரிதாகப் போட்டுவிட்டுப் பாடலாசிரியர் பெயரைக் காட்டாத ஆப்கள். எழுதியவர் யார் என்று தெரியாமல், வரிகளுக்காகத்தான் பிடித்ததா என்று எப்படிச் சோதிப்பது? புல்லாங்குழல் வாசித்தவர் பெயரைக் கேட்டால் இன்னும் சுத்தம்.

ரீதிகௌளைதான் என்று முடிவானால், சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா' கீர்த்தனையை ஏதாவது ஒரு கச்சேரிப் பதிவில் கேளுங்கள். அதில் வயலின், மிருதங்கம் தவிரப் பெரிதாக எதுவும் இருக்காது. அதிலும் பின்னால் தள்ளிக் கேட்கத் தோன்றினால் ராகம். பாதியிலேயே கை அடுத்த பாட்டுக்குப் போனால், பட்டியலை எடுத்து இடையிசைப் பக்கம் மறுபடி பாருங்கள்.