இடுப்புத்தளத் தசைக் கோளாறுகள்: வாசகியர் கேள்விகளுக்கு மகளிர் நல மருத்துவரின் பதில்கள்

எனக்கு 34 வயது. இரண்டுமே சுகப்பிரசவம். தும்மினாலும் வேகமாகப் படியிறங்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. "பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார் மாமியார். அப்படித்தானா?

பலருக்கும் இருக்கிறது என்ற அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி. அதற்காகச் சகித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் சரியில்லை. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வாலெலும்பு வரை தூளி கட்டியது போல அமைந்திருக்கும் தசைகளை இடுப்புத்தளம் என்கிறோம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுவே தாங்குகிறது. தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் எழும் அதே கணத்தில் இத்தசை இறுக வேண்டும். பிரசவத்தில் நைந்துபோன தசை சற்றுப் பிந்தி இறுகுவதால் சிறுநீர் முந்திக்கொள்கிறது.

இதற்கு முதல் சிகிச்சை, அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-ல் விவரித்து எழுதிய பயிற்சியே. காற்றுப் பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயையும், சிறுநீரை அடக்குவது போல முன்பக்கத்தையும் ஒருசேர உள்ளே, மேல்நோக்கி இழுக்க வேண்டும். புட்டமும் தொடையும் இறுகினாலோ, மூச்சை அடக்கினாலோ வேறு தசை வேலை செய்கிறது என்று பொருள். 5 விநாடி பிடித்து, குறைந்தது அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர விடுங்கள். ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்பது மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வகுத்துள்ள அளவு. பெரும்பாலோர் மூன்றாவது வாரத்திலேயே பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தும்மல் வரப்போவது தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளப் பழகினால் கசிவு அப்போதே குறையும். சிறுநீர் கழிக்கையில் பாதியில் நிறுத்துவதை மட்டும் அன்றாடப் பயிற்சியாக்க வேண்டாம்; சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் போகும்.

வயது 27. தாம்பத்திய உறவின்போது கடுமையான வலி. காணொலி பார்த்து இரண்டு மாதமாகக் கீகல் பயிற்சி செய்கிறேன். வலி கூடித்தான் இருக்கிறது.

பயிற்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். இடுப்புத்தளக் கோளாறு என்றாலே தசை தளர்ந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணுவதால் வரும் வினை இது. நாள் முழுவதும் முட்டியை மூடியே வைத்திருந்தால் கை எப்படி வலிக்குமோ, அப்படி விடத் தெரியாமல் இறுகிப்போன தசையும் வலிக்கும்; அதை மேலும் இறுக்கச் சொல்வது வலியை வளர்ப்பதாகும். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டறிய முடியாது. உங்கள் சம்மதத்துடன் மருத்துவர் ஒரு விரலால் மென்மையாகச் சோதித்தால் தெரிந்துவிடும். எந்த நிலையிலும் சோதனையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்தல்), தொற்று போன்ற காரணங்கள் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அதுவரை மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை மெல்ல இழுக்கையில் கை எழ வேண்டும். அப்போது ஆசனவாய்ப் பகுதி கீழ்நோக்கித் தளர்வதைக் கவனியுங்கள். இத்துறையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அடுத்த படிகளைக் கற்றுத்தருவார். "பயத்தை விட்டால் சரியாகிவிடும்" என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம், வலி கற்பனையன்று.

அம்மாவுக்கு 61 வயது. குளிக்கும்போது கீழே உருண்டையாக ஏதோ கைக்குத் தட்டுப்படுகிறதாம். புற்றுநோயோ என்று பயப்படுகிறார்.

பெரும்பாலும் இது அடியிறக்கமாகத்தான், அதாவது இடுப்புத்தளம் தாங்கும் உறுப்பு கீழே சரிந்திருப்பதாகத்தான் இருக்கும். ஆயினும் சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வர இயலாது. மாலையில் கனமாகவும், படுத்து எழுந்தபின் குறைந்தும் தோன்றுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இறக்கத்துக்கு அது பொதுவான குணம். கருப்பை மட்டுமன்றி, சிறுநீர்ப்பையோ மலக்குடலோ கூடப் பிறப்புறுப்புச் சுவரைத் தள்ளிக்கொண்டு இறங்கலாம். எது இறங்கியிருக்கிறது என்று தெரியாமலே "கருப்பையை எடுத்துவிடலாம்" என்று முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாங்கும் திசுவைச் சரிசெய்யாமல் கருப்பையை மட்டும் அகற்றினால் மீண்டும் இறக்கம் வரக்கூடும்.

லேசான இறக்கத்துக்குத் தசைப் பயிற்சியும், முக்காமல் மலம் கழிப்பதும், நாள்பட்ட இருமலுக்கு வைத்தியமுமே போதுமானவையாக இருக்கலாம். அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்குப் பெசரி எனப்படும் சிலிகோன் வளையத்தை உள்ளே பொருத்தலாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கும் புண் ஏற்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் வர வேண்டும். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு இருந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தாமதிக்கக் கூடாது.

சிசேரியன் ஆனவர்களுக்கு இந்தத் தொல்லைகள் வராதுதானே?

வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். பல மாதம் கர்ப்பத்தின் பாரத்தைச் சுமந்ததும் இதே தசைதான்.

ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளியில் கழிப்பறை சரியில்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறப்பதற்குள் அடக்க முடியாமல் போய்விடுகிறது.

உங்களுடையது தும்மலில் வரும் கசிவன்று, அவசரக் கசிவு. தண்ணீரைக் குறைத்தால் அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டுமே தவிரத் தணிக்காது. தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். காபி, டீயைக் குறையுங்கள். கதவருகே அவசரம் வந்தால் ஓடாமல் நின்று, தசையைச் சில முறை இறுக்கி விட்டு, உந்துதல் அடங்கியபின் நடங்கள். மூன்று நாளைக்கு, குடித்த அளவையும் சிறுநீர் கழித்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும்.