கீமோ நடக்கும்போது கட்டிலிலேயே கிடக்க வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. ஏ.எல்.எல். வகை இரத்தப் புற்றுநோய் என்று சொல்லி மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்து ஏற்றுகிறார்கள். முதல் கட்டம் முடிந்து, இப்போது வீட்டிலிருந்து கிளினிக்குக்குப் போய் வருகிறான். முன்பு ஜிம், கிரிக்கெட் என்று திரிந்தவன். அம்மா அவனைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. அவனோ ஒருநாள் டம்பெல் தூக்கப்போகிறேன் என்று சண்டை பிடிக்கிறான், மறுநாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் யாருடனும் பேச்சில்லை. அவன் உடற்பயிற்சி செய்யலாமா? கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போகும்படி வார்ட்டில் ஒரு தாதி சொன்னார். "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று அம்மா அழுகிறார். நான் என்ன செய்வது?
- ஓர் அக்கா, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, முதலில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வருத்தக்காரர் படுத்திருந்தால் இரத்தம் ஊறும் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. இரத்தம் ஊறுவது எலும்பு மச்சையில். கீமோ கொடுத்த பிறகு மச்சை எப்போது தலைதூக்கும் என்பது மருந்தையும் நோயையும் பொறுத்தது. கட்டிலில் கிடப்பதால் அது ஒருநாள்கூட முந்தாது.

படுத்தே கிடந்தால் வேறு சில காரியங்கள்தான் நடக்கும். உங்கள் தம்பிக்குக் கொடுக்கும் மருந்துகளில் அனேகமாக ஸ்டீரொயிட், வின்கிறிஸ்டின், அஸ்பராஜினேஸ் மூன்றும் இருக்கும். ஸ்டீரொயிட் தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் மெலிய வைக்கும். கதிரையிலிருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டிய நிலை வரும். வின்கிறிஸ்டின் நரம்பைப் பாதிக்கும், விரல் நுனி விறைக்கும், பாதம் தொங்கும், மலச்சிக்கலும் வரும். அஸ்பராஜினேஸ் எடுப்பவருக்கு குழாய்க்குள் இரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து கூடுதல். இந்த மூன்றுக்கும் மேலாக அசையாமல் கிடப்பதும் சேர்ந்தால், வைத்தியர் கொடுத்த பக்கவிளைவை நாமே இரட்டிப்பாக்குகிறோம்.

இரத்தப் புற்றுநோய் உள்ள பெரியவர்களிடம் உடற்பயிற்சி பற்றி நடந்த ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்று 2019 இல் தொகுத்துப் பார்த்தது. நடப்பது, சைக்கிள் மிதிப்பது போன்ற பயிற்சி களைப்பைக் குறைக்கக்கூடும், மனச்சோர்வையும் கொஞ்சம் தணிக்கலாம் என்பது அதன் முடிவு. ஆயுளைக் கூட்டும் என்று அது காட்டவில்லை. இதையும் தம்பியிடம் சொல்லுங்கள். உடற்பயிற்சி நோயை விரட்டும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, முடியாத நாளில் உடம்பை வருத்திக்கொள்வதும் ஆபத்துத்தான்.

சரி, டம்பெல் விஷயம். இதை அம்மாவும் தீர்மானிக்கக் கூடாது, தம்பியும் தீர்மானிக்கக் கூடாது. எஃப்.பி.சி. துண்டு தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு கிளினிக்கிலும் எடுக்கும் அந்த இரத்தப் பரிசோதனையில் மூன்று எண்களைப் பார்க்கப் பழகுங்கள்: இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லட், ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், தொற்றை எதிர்க்கும் நியூட்ரோஃபில்.

பிளேட்லட் 50,000 க்கு மேலே இருந்து, காய்ச்சலும் இல்லை என்றால், வேகமாக நடக்கலாம், நிற்கும் சைக்கிள் மிதிக்கலாம், றப்பர் பட்டி இழுக்கலாம். 20,000 க்கும் 50,000 க்கும் இடையில் என்றால் சமதரையில் மெதுவான நடையும் கை கால் அசைவுகளும் போதும். மூச்சை அடக்கித் தம் பிடிக்கும் எந்த வேலையும் வேண்டாம், ஏனென்றால் அந்த அழுத்தத்தில் தலைக்குள்ளோ கண்ணிலோ இரத்தம் கசியலாம். டம்பெல்லும் புஷ்-அப்பும் அந்த நாட்களுக்கு இல்லை. 20,000 க்குக் கீழே இறங்கினால் வைத்தியரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். பல நேரம் கழிவறைக்குப் போய்வருவதும் கதிரையில் இருந்து கணுக்காலைச் சுழற்றுவதும்தான் அன்றைய பயிற்சி. ஹீமோகுளோபின் 8 க்குக் கீழே என்றால் களைப்பும் படபடப்பும் இருக்கும், இருந்த இடத்திலேயே செய்யக்கூடியதைச் செய்தால் போதும். இந்த எல்லைகள் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை சற்று மாறும். உங்கள் வார்ட் வைத்தியர் வேறு எண் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

இப்படி எண் பார்த்து நடப்பதில் இன்னொரு நன்மை உண்டு. நோய் வந்த நாளிலிருந்து எதை எப்போது ஏற்றுவது, என்ன சாப்பிடுவது, எத்தனை மணிக்குத் தூங்குவது என்று எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் அவருக்காகத் தீர்மானிக்கிறார்கள். 24 வயதுப் பையனுக்கு அது வருத்தத்தைவிடப் பெரிய அவமானம். ஒரு கொப்பியைக் கொடுத்து அந்த மூன்று எண்களையும், அன்று என்ன செய்தார், களைப்பு எவ்வளவு என்பதையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். அம்மா எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

தொடங்கும்போது பத்து நிமிடம் போதும், காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். அதோடு கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதை ஐந்தாறு தரம் செய்யட்டும், ஸ்டீரொயிட் தின்னும் தசை அதுதான். சுவரைப் பிடித்தபடி குதிகாலால் நாலடி நடக்கச் சொல்லுங்கள். அது முடியாமல் பாதம் தொங்கினால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். வின்கிறிஸ்டினின் அளவைப் பார்க்க வேண்டியிருக்கும். முதுகில் ஊசி போட்ட அன்று ஓய்வுதான். கையில் ஊசி வழியாக மருந்து ஏறும்போது அந்தக் கையை ஆட்டக் கூடாது, கால்களை அசைக்கலாம்.

எங்கே நடப்பது? கொட்டாஞ்சேனையில் இது சும்மா கேள்வி இல்லை. தெருவில் வாகனமும் புகையும், காலிமுகத்திடலுக்குப் போனால் பின்னேரம் சனக்கூட்டம். நியூட்ரோஃபில் 500 க்குக் கீழே இருக்கும் நாட்களில் கூட்டம் கூடவே கூடாது. வீட்டு விறாந்தையும் மொட்டை மாடியும் போதும். எண் ஏறிய பிறகு அதிகம் ஆளில்லாத தெருவில் நடக்கலாம். கொழும்பில் டெங்கையும் மறக்க முடியாது. அந்த நுளம்பு அதிகம் கடிப்பது விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்னும், அதாவது நாம் நடக்கப் போகிற அதே நேரம். ஏற்கெனவே பிளேட்லட் குறைந்தவருக்கு டெங்கு வந்தால் நிலைமை மோசமாகிவிடும். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, நுளம்பு விரட்டி இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம். பிளேட்லட் ஏறும் என்று யாராவது பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்து தந்தால் வைத்தியரிடம் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

38 பாகை காய்ச்சல் வந்தால் பயிற்சியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. நடு இரவானாலும் உடனே வைத்தியசாலை. பரசிற்றமோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருப்பதுதான் நான் கண்ட மிகக் கெட்ட பழக்கம். காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. நெஞ்சு வலி, மூச்சு முட்டல், புதிதாக இரத்தக் கசிவு, ஒரு கால் மட்டும் வீங்குவது, என்றும் இல்லாத தலைவலி, இவற்றுக்கும் அதே விதி. இடுப்பு மூட்டிலோ தொடைச் சந்திலோ விடாத வலி வந்தால் அது பயிற்சி செய்த வலி என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டீரொயிட் எடுக்கும் இளவயதினரில் இடுப்பெலும்பு இரத்த ஓட்டம் இல்லாமல் சிதைவது உண்டு.

இனி அந்தத் தாதி சொன்னது. அவர் சரியாகத்தான் சொன்னார். மனநலம் என்றதும் கொழும்பில் அங்கொடை மனநல வைத்தியசாலையைச் சொல்லிக் கேலி செய்தே வளர்ந்திருக்கிறோம், அம்மாவின் பயம் அங்கிருந்துதான் வருகிறது. கவுன்சிலிங் செய்யும் உளவளத்துணையாளர் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்லர். வீட்டாரிடம் சொன்னால் அழுவார்கள் என்று தம்பி விழுங்கிக்கொண்டிருப்பதை அழாமல் கேட்கப் பழகியவர், அவ்வளவுதான். அந்த வயதில் விழுங்கிக்கொள்ளும் கேள்விகள் எவை என்று எனக்கு ஓரளவு தெரியும்: செத்துப்போவேனா, வேலை என்னாகும், எனக்குக் கல்யாணம் நடக்குமா, பிள்ளை பிறக்குமா. கடைசிக் கேள்வியை அக்காவிடமோ அம்மாவிடமோ எந்த ஆண்பிள்ளையும் கேட்க மாட்டான். அதை அவர் தனியாக வைத்தியரிடம் கேட்க வழி செய்யுங்கள். கிளினிக் அறைக்குள் பத்து நிமிடம் அவரை மட்டும் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் வெளியே நில்லுங்கள்.

ஒருநாள் சண்டை, ஒருநாள் மௌனம் என்பதில் ஸ்டீரொயிட்டுக்கும் பங்கு இருக்கலாம். அந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும், நிறுத்திய சில நாட்களில் சோர்வும் வருவது தெரிந்த விஷயம். எனவே எந்தெந்த நாளில் மனம் எப்படி இருந்தது என்பதும் கொப்பியில் ஏறட்டும். ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது உளமருத்துவர் பார்க்க வேண்டியது. "வாழ்ந்து என்ன" என்பது போல ஒரு சொல் வந்தால், சாக வேண்டும் போல இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம்.

ஆலோசனைக்குப் பெயர் கொடுக்கும்போதே தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். தம்பி சிங்களம் நன்றாகப் பேசுவாராக இருக்கும், ஆனாலும் பயத்தைச் சொல்ல அவரவர் மொழி வேண்டும். கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

அம்மாவும் ஒருமுறை அந்த அறைக்குள் போய் வரட்டும். தம்பியை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று அவர் கேட்டால், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குள் வேண்டாம், நேர்த்தியை அவர் போய்ச் செய்து வரட்டும். வருத்தம் பார்க்க வரும் உறவினரை வாசலில் சமாளிக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். தடிமன், இருமல் உள்ளவர் உள்ளே வரக் கூடாது, வருபவர் கை கழுவ வேண்டும், இன்னாரும் இதே வருத்தத்தில் போனார் என்ற கதை வீட்டுக்குள் எடுபடக் கூடாது. இதையெல்லாம் அம்மாதான் கண்டிப்பாகச் செய்வார்.

டம்பெல்லை ஒளித்து வைக்காதீர்கள். பிளேட்லட் 50,000 க்கு மேல் நிலைத்து, வைத்தியரும் சரி என்றால் ஒன்று, இரண்டு கிலோவில் தொடங்கலாம். நெஞ்சுப் பக்கம் மருந்துக் குழாய் பொருத்தியிருந்தால் அந்தப் பக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்குவது பற்றி முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், நீச்சலும் அதுவரை இல்லை. லெதர் பந்தில் கிரிக்கெட் இப்போதைக்கு வேண்டாம். ஜிம்மில் விற்கும் புரோட்டீன் மாவும் வேண்டாம். நன்றாக அவித்த முட்டை, மீன், பருப்பு போதும்.