ஒன்பது மணிக்கே படுத்தும் நடுராத்திரி வரை தூக்கம் வருவதில்லை. மாத்திரை இல்லாமல் சரி செய்ய முடியுமா?

முடியும். ஆனால் அந்த ஒன்பது மணியைத்தான் நீங்கள் முதலில் விட வேண்டும். எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது.

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். ஒரு தடவை பெரிய ஆர்டர் வந்து, ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகும் நின்று நடுராத்திரி வரை தைத்தோம். அதே மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. அப்போது போனது தூக்கம். ஷிப்மெண்ட் போய்ச் சேர்ந்தது, அப்பாவும் தேறி வந்துவிட்டார், தூக்கம் மட்டும் வரவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லாத ராத்திரியிலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கடைசியில் கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, ஒரு மணிக்குத் தூங்கற ஆளு எதுக்குங்க ஒம்பது மணிக்கே கட்டிலுக்குப் போறீங்க?"

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற தூக்க ஆய்வாளர் 1987-ல் எழுதியதை அவர் எளிமையாகச் சொன்னார். சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் எளிதில் கெடும். ஏதோ ஒரு நெருக்கடி வந்து அதைக் கெடுக்கும். நெருக்கடி போன பிறகும் அதை நீடிக்க வைப்பது, தூக்கத்தைப் பிடிக்க நாமே செய்யும் காரியங்கள். நான் செய்தவை எல்லாம் அதில் இருந்தன. சீக்கிரம் படுத்தேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைமேல் கண்ணயர்ந்தேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஞாயிறு பத்து மணி வரை படுத்திருந்தேன், அதனால் ஞாயிறு ராத்திரி தூக்கமே இருக்காது. வேலையில் கண் சொக்காமலிருக்க ஏழு மணிக்கு ஒரு டீ. டீ, காபியில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஏழு மணி டீயில் பாதி, பன்னிரண்டு மணிக்கும் எனக்குள் இருந்திருக்கிறது.

இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னார். படுத்தது ஒன்பது, எழுந்தது ஆறு. கட்டிலில் 9 மணி நேரம், தூங்கியது சராசரியாக 5. மீதி 4 மணி நேரமும் கட்டில் என்றாலே முழித்துக் கிடக்கும் இடம் என்று உடம்புக்குப் பழக்கியிருக்கிறேன்.

அதனால் அவர் எனக்குச் சொன்னது இது: பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழ வேண்டும், தூங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையிலும். பகல் தூக்கம் கிடையாது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும், கண் சொருகும்போதுதான் திரும்பப் போக வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

முதல் வாரம் கொடுமை. ஆடிக் காற்று விர்ரென்று அடிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். "ஏஞ்சாமி, தூக்கம் வந்தா படுக்க வேண்டியதுதான, எதுக்கு இப்படி உக்காந்து கெடக்கற?" என்று அம்மா கண் கலங்குவாள். பகலில் தலை கிறுகிறுக்கும். அந்த நாட்களில் பைக் ஓட்டவில்லை, பஸ்ஸில்தான் போனேன். நீங்களும் ஓட்டாதீர்கள். பத்தாவது நாள் வாக்கில் படுத்ததும் தூங்கிப்போனேன். கட்டிலில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூங்கிவிட்டால், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளலாம். அப்படியே தள்ளித் தள்ளிப் பதினொன்றுக்கு வந்தேன்.

இதற்குப் பெயர் சிபிடி-ஐ, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றித் தூக்கமின்மையைச் சரிசெய்யும் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் அமைப்பு ஒன்று 2016-ல் பரிந்துரைத்தது. வாரத்தில் மூன்று ராத்திரி வீதம் மூன்று மாதம் தொடர்ந்தால் அது நாள்பட்டது.

ஆனால் எல்லோரும் தானாக இதில் இறங்கக் கூடாது. வலிப்பு நோயோ, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ உள்ளவர்களுக்குத் தூக்கத்தைக் குறைப்பது ஆபத்து. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா, படுத்தால் கால் குறுகுறுக்கிறதா, தைராய்டு உண்டா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். கால் குறுகுறுப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே தூக்க மாத்திரை தினமும் போடுகிறீர்களென்றால் சட்டென்று நிறுத்த வேண்டாம், மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இப்போதும் ஆர்டர் நெருக்கும் வாரத்தில் ஒன்றிரண்டு ராத்திரி தூக்கம் போகும். மறுநாள் ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறேன். அன்று ராத்திரியும் பதினொன்றுக்கு முன் கட்டில் பக்கம் போவதில்லை.