விடியற்காலை 4 மணி வெடி: காவல் நிலையத்தில் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் வசிக்கிறோம். என் மாமியாருக்கு 81 வயது. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். எதிர்வீட்டில் தீபாவளி என்றால் விடியற்காலை 4 மணிக்கே சரவெடி தொடங்கிவிடும். இரவு 12 மணி வரை ஓயாது. சென்ற தீபாவளியன்று எங்கள் நாய் மிரண்டுபோய், பின்வாசல் கம்பி வலையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டது. மூன்றாம் நாள் கண்மாய்க் கரையில் கால் கிழிந்து கிடந்ததைத் தூக்கி வந்தோம். பிறகு அவர்களின் மூத்த மகன் கல்யாண வரவேற்பு. இரவு 11 மணிக்கு வீட்டு வாசலில் பத்தாயிரம் வாலா. காவல் நிலையத்தில் சொன்னால், "ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். தெருவில் எனக்குப் பண்டிகையைத் தடுக்கிறவள் என்று பெயர். வரும் தை மாதம் இளைய மகனுக்குக் கல்யாணம். வழக்குப் போட முடியுமா? நாயின் வைத்தியச் செலவைக் கேட்க முடியுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் இரண்டு எண்களுக்குக் கீழே கோடு போட்டேன். 4 மணி, 11 மணி. உங்கள் வழக்கின் பலம் அந்த இரண்டு நேரங்களில்தான் இருக்கிறது. காவல் நிலையத்தில் நீங்கள் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லியிருப்பீர்கள். இனி நேரத்தைப் பற்றிப் புகார் சொல்லுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. ஆனால் எதிர்வீட்டு வெடி எத்தனை டெசிபல் என்று யார் அளந்தார்கள்? விடியற்காலையில் அளவு கருவியோடு வந்து நிற்பதற்கு நம் ஊர்க் காவல் நிலையங்களில் ஆள் கிடையாது. அதனால் சத்தத்தை வைத்துக் கொடுக்கும் புகார் பெரும்பாலும் காற்றில் போய்விடுகிறது. அதே விதிகளில் 2010-இல் 5ஏ என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்திலும், இரவு நேரத்திலும் ஓசை எழுப்பும் பட்டாசுகளை வெடிக்கவே கூடாது என்கிறது அது. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. புகார் கொடுப்பதைப் பற்றிச் சொல்லும் 7-ஆவது விதியைப் பாருங்கள். ஓசை அளவு வரம்பைக் காட்டிலும் 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம். அல்லது, இரவு நேரக் கட்டுப்பாடு மீறப்பட்டால் புகார் செய்யலாம். அந்த 'அல்லது' உங்களுக்காகவே எழுதப்பட்டது. 11 மணிக்கு வெடித்தார்கள் என்றால் டெசிபல் கணக்கு தேவையில்லை. கடிகாரம் போதும்.

தீபாவளி விடியற்காலைக்கு வருகிறேன். நமக்கு எண்ணெய்க் குளியல், புதுத்துணி, அப்புறம் வெடி, எல்லாமே இருட்டு விலகுவதற்குள் நடந்தாக வேண்டும் என்பது பழக்கம். வடக்கே தீபாவளி இரவுப் பண்டிகை. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பட்டாசுக்குத் தடை கேட்டுத் தொடரப்பட்ட அர்ஜுன் கோபால் வழக்கில் தீர்ப்பளித்தபோது, தீபாவளிக்கு இரவு 8 மணி முதல் 10 மணி வரை என்று நாடு முழுவதற்கும் நேரம் குறித்தது. தமிழ்நாடு அரசு உடனே நீதிமன்றத்துக்குப் போய், எங்கள் தீபாவளி காலையில்தான் என்று சொன்னது. அதே மாதம் 30-ஆம் தேதி நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு, மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் நேரத்தை நீங்களே பிரித்துக்கொள்ளலாம் என்று திருத்தியது. அதன்படி அறிவிக்கப்பட்டதுதான் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்ற நேரம். ஆக, நம் வழக்கத்தைச் சட்டம் புறக்கணிக்கவில்லை. கேட்டு, எடை போட்டு, அதற்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறது. எதிர்வீட்டார் 4 மணிக்குத் தொடங்கும்போது, 6 மணி வரையிலான இரண்டு மணி நேரத்தை உங்கள் மாமியாரின் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு உதவும் இன்னொன்றும் இருக்கிறது. சரவெடியின் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு மூன்றையும் அது தடை செய்தது. ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா எல்லாம் இதில் அடங்கும். பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்பு என்ற வேதிப்பொருளுக்கும் தடை. திருமணம் போன்ற விசேஷங்களுக்கும் மாசு குறைவாக வரும்படி தயாரித்த பசுமைப் பட்டாசு, மேம்படுத்திய பட்டாசு மட்டுமே விற்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. இது டெல்லிக்கு மட்டும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. எனவே உங்கள் எதிர்வீட்டு வாசலில் போட்ட பத்தாயிரம் வாலா, பகல் 11 மணிக்குப் போட்டிருந்தாலும் தடை செய்யப்பட்டதுதான். கடையில் விற்கிறார்களே என்பது பதில் ஆகாது. அட்டைப்பெட்டியில் 125 டெசிபல் என்று அச்சிட்டிருக்கிறதே என்றும் சொல்வார்கள். அது நான்கு மீட்டர் தூரத்தில் அளந்து பட்டாசு தயாரிப்பாளருக்கு வைத்த வரம்பு. எந்த நேரத்திலும் எங்கே வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்று கொடுத்த அனுமதி அல்ல.

"ஒரு நாள்தானே" என்று சொன்ன காவலரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை நான் வில்லனாகப் பார்க்கவில்லை. பொதுத்தொல்லைக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆவது பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. அது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காவலர் புலன்விசாரணை செய்ய முடியாத குற்றம். அதை மட்டும் மனதில் வைத்தால் கை கட்டிக்கொண்டு நிற்கத் தோன்றும். ஆனால் 223-ஆவது பிரிவு, அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவை மீறுவதைப் பற்றியது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேர்ந்தால் ஓராண்டு, 5,000 ரூபாய் என்று உயரும். வெடிபொருளை அலட்சியமாகக் கையாள்வதற்கு 288-ஆவது பிரிவு. ஒவ்வொரு தீபாவளியிலும் நேரம் தவறி வெடித்தவர்கள் மீது தமிழ்நாட்டுக் காவல்துறை வழக்குப் பதிவதை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். தடை மீறப்பட்டால் அந்தந்தக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே தனிப்பட்ட முறையில் பொறுப்பு, அது நீதிமன்ற அவமதிப்பாகும் என்று 2018 தீர்ப்பு சொல்கிறது. இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். மனுவில் ஒரு வரியாக எழுதினால் போதும். படிக்க வேண்டியவர் படித்துக்கொள்வார்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. வெடித்த பிறகு ஓடுகிற புகாரைவிட, வெடிப்பதற்குப் பத்து நாள் முன்பு கொடுக்கிற மனுவுக்கு மதிப்பு அதிகம். ஒலி மாசு விதிகளின்படி நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரம், மாவட்ட ஆட்சியர் அல்லது துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் இருக்கிறது. அதனால் மனுவை டி.எஸ்.பி.க்கு எழுதுங்கள், ஒரு பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுப் பதிவு செய்ததற்கான சீட்டு) வாங்குங்கள், இன்னொன்றைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். மனுவில் கோபம் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "இன்ன தேதியில் இன்னார் வீட்டில் திருமண வரவேற்பு நடைபெறவுள்ளது. கடந்த முறை இன்ன தேதி இரவு 11 மணிக்குத் தடை செய்யப்பட்ட சரவெடி வெடிக்கப்பட்டது. என் வீட்டில் 81 வயது நோயாளி படுக்கையில் உள்ளார். இரவு 10 மணிக்கு மேல் வெடிக்காமலும், சரவெடி பயன்படுத்தாமலும் இருக்க முன்கூட்டியே அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறேன்." மருத்துவச் சான்றின் நகலை இணைத்துவிடுங்கள்.

அன்று மீறினால், 112-க்கு அழையுங்கள். அழைத்த நேரம் பதிவாகும். உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையும் ஜன்னல் வழியே தெரியும் வெளிச்சத்தையும் ஒரே வீடியோவில் பிடியுங்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் எடுத்திருந்தார். 4 மணி 12 நிமிடம் காட்டும் கடிகாரம், அதன் கீழே அதிர்கிற கண்ணாடி அலமாரி, பின்னணியில் ஒரு குழந்தையின் அழுகை. பதினைந்து விநாடிதான். ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்கவில்லை. அந்த மொபைலை மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். நீதிமன்றம் வரை போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் தேவைப்படும்.

மனு கொடுத்தும் யாரும் அசையவில்லை என்றால் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நீதிப்பேராணை (அதிகாரிகளை நடவடிக்கை எடுக்கச் சொல்லும் ரிட் உத்தரவு) கேட்கலாம். முன்சீப் கோர்ட்டில் உறுத்துக்கட்டளை (தடையுத்தரவு) வழக்கும் போடலாம். ஆனால் எதிரெதிர் வாசல் வைத்திருப்பவர்களுக்கு உரிமையியல் வழக்கை நான் கடைசியாகத்தான் சொல்வேன். அது முடிவதற்குள் இரண்டு வீட்டுக் குழந்தைகளும் பகையோடு வளர்ந்துவிடும். அதற்கு முன்னால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமான வரம்பு எதுவும் இல்லாமல், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. இரு தரப்பையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். தொலைபேசி எண் 15100.

இனி உங்கள் நாய். இந்தப் பகுதியை எழுதுவதுதான் எனக்குக் கடினம்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாட்டு நாய் இருந்தது. முதல் வெடிக்கே கட்டிலுக்கு அடியில் போய், சிமெண்ட் தரையைத் தோண்ட முயலும். காலையில் பார்த்தால் நகம் பிளந்திருக்கும். தரையில் மெல்லிய சிவப்புக் கோடுகள் காய்ந்திருக்கும். வைத்த சோறு வைத்தபடி இருக்கும். நம் காதுக்கு எட்டாத ஒலியும் அதற்குக் கேட்கும். அந்தச் சத்தம் பண்டிகைக்காக என்று அதற்கு யார் சொல்வது?

சட்டம் இங்கே பலவீனமாக இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆவது பிரிவின் கீழ் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தத் தொகை இவ்வளவுதான் என்பது வெட்கக்கேடு. யாராவது நாயின் மேல் வெடியை எறிந்தாலோ வாலில் கட்டினாலோ அந்தப் பிரிவும், உயிரோ உறுப்போ போனால் ஐந்தாண்டு வரை சிறைக்கு வழியுள்ள நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவும் பாயும். ஆனால் உங்கள் நாய் சத்தத்தில் மிரண்டு ஓடியது. இந்தக் குறிப்பிட்ட வெடியால்தான், இவர்கள் அலட்சியத்தால்தான் என்று நிரூபித்து வைத்தியச் செலவை வாங்குவது மிகவும் சிரமம். கால்நடை மருத்துவரின் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், சமரசப் பேச்சில் அவற்றை மேசைமேல் வைக்கலாம். வழக்காக அதை நம்ப வேண்டாம். 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், அச்சத்திலிருந்தும் துயரத்திலிருந்தும் விடுதலை என்பதை விலங்குகளின் சுதந்திரங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்தச் சொற்கள் இன்னும் தெருவுக்கு வந்து சேரவில்லை. அதுவரை, மாமியாரைக் காக்கும் அதே 10 மணி விதிதான் நாயையும் காக்க வேண்டும்.

பண்டிகையைத் தடுக்கிறவள் என்ற பெயரைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். சிவகாசிப் பக்கம் உறவுகள் உள்ளவன் நான். வெடிமருந்து படிந்த விரலோடு சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன். பட்டாசே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் அப்படிச் சொல்லவில்லை. 4 மணி வேண்டாம், 6 மணிக்கு வெடியுங்கள் என்கிறீர்கள். 2005-இல் இரவு வெடிக்குத் தடை விதித்த தீர்ப்பிலேயே, தீபாவளி ஒளியின் பண்டிகை என்பதை உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொல்லியிருக்கிறது. நம் பக்கத்திலேயே சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும், நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்திலும், வந்து தங்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று ஊரே தீபாவளிக்கு வெடிப்பதில்லை. அவர்கள் வீட்டில் தீபாவளி நடக்காமல் இல்லை. கூடு கட்டிய பறவைக்கு ஒரு ஊர் கொடுக்கிற மரியாதையைப் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவிக்கு ஒரு வீடு கொடுக்கலாம். இதைக் கேட்பதில் உங்களுக்கு எந்தத் தாழ்வும் இல்லை.

கல்யாணத்தன்று மாலையே நாயைத் தெருப்பக்கம் இல்லாத உள்ளறையில் விட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, யாராவது ஒருவர் கூட இருங்கள். வெளியே சங்கிலியில் கட்டாதீர்கள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. கால்நடை மருத்துவரை ஒரு வாரம் முன்பே பாருங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும்.

மனு எழுதுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். எதிர்வீட்டார் அழைப்பிதழ் வைக்க வருவார்கள். எத்தனை மனத்தாங்கல் இருந்தாலும் எதிர்வாசலை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்ய மாட்டார்கள். தட்டை வாங்கிக்கொண்டு, அந்த அம்மாளை உள்ளே அழைத்துப் போய் உங்கள் மாமியாரின் கட்டில் அருகே உட்கார வையுங்கள். காபி கொடுங்கள். அதற்குப் பிறகு, "வரவேற்பில் 10 மணிக்குள் வெடியை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் அக்கா, சரவெடி மட்டும் வேண்டாம்" என்று கேளுங்கள். சரி என்றால் மனுவை மடித்து வைத்துவிடுங்கள். மழுப்பினால் மறுநாள் காலை டி.எஸ்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டில் எது நடந்தாலும் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள்.