என்.டி.ஏ.வில் சேர சிபாரிசு வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிற தேசிய பாதுகாப்பு அகாடமியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எல்லோரும் என்.டி.ஏ. என்று சொல்கிற இடம்தான். அங்கே மூன்று வருடம் படித்து, அப்புறம் தரைப்படையில் அதிகாரியாக இருந்தவன் என்பதால் கேள்விகளும் எனக்கே வந்துவிட்டன. பாதிக்கு மேல் "இப்படிக் கேள்விப்பட்டோம், நிஜமா?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. இடம் இருக்கிற வரை பதில் சொல்கிறேன்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ. என்.டி.ஏ. எழுதப் போகிறேன் என்கிறாள். ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்களாம், பெண்களுக்குச் சும்மா கண்துடைப்பாம். ஒருவர் பணம் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.
– ஒரு தந்தை, விருதுநகர்

ஐயா, முதல் காரியமாக அந்த ஆளுடன் பேசுவதை நிறுத்துங்கள், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தத் தேர்வை நடத்துவது ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்துகிற அதே யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வுக்கு 900 மார்க், அதில் கணக்கு 300, பொதுத்திறன் 600. அதில் தேறியவர்களுக்கு எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, அதற்கும் 900. இரண்டையும் கூட்டித்தான் தரவரிசை போடுகிறார்கள். நடுவில் ஒருவர் புகுந்து "முடித்துத் தர" இதில் இடமே கிடையாது. அப்பா ராணுவத்தில் இருந்தால் பிள்ளைக்கு அந்தச் சூழல் பழக்கமாக இருக்கும், அவ்வளவுதான், அதற்கென்று தனி மார்க் இல்லை. என்னுடன் படித்தவர்களில் பஸ் கண்டக்டர் மகனும் இருந்தான், மளிகைக் கடைக்காரர் மகனும் இருந்தான்.

செலவுக்கு வருவோம். தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், சீருடை, மருத்துவம், படிப்பு எல்லாம் அரசுச் செலவு. சேரும்போது முதல் சில மாதக் கைச்செலவுக்கும் சில உடைகளுக்குமாக ஒரு தொகை கட்ட வேண்டும், மாதாமாதக் கைச்செலவும் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அந்தக் கைச்செலவுக்கும் அரசு உதவித்தொகை உண்டு, விவரம் யு.பி.எஸ்.சி. அறிவிப்பிலேயே இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கு அதுவும் கிடையாது.

பெண்களுக்குக் கண்துடைப்பு என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுக் கதவைத் திறந்தது. 2022இல் முதல் பெண்கள் அணி உள்ளே போனது. 2025 மே 30 அன்று அவர்களில் 17 பேர் பயிற்சி முடித்து, அகாடமியின் கேத்தர்பால் அணிவகுப்பு மைதானத்தில், ஆண்களோடு சேர்ந்து அணிவகுத்து வெளியே வந்தார்கள். அந்தக் காட்சியை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் மகள் எழுதட்டும் ஐயா.

நான் தமிழ் மீடியம். ஹிந்தி சுத்தமாகத் தெரியாது, இங்கிலீஷும் தடுமாறும். பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப். எனக்கெல்லாம் வாய்ப்பு உண்டா?
– மாணவர், நத்தம்

உண்டு தம்பி. ஆனால் உன் குரூப்பை வைத்து முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். தரைப்படைக்கு எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும்தான் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். ஆனால் தேர்வில் கணக்குத் தாள் எல்லோருக்கும் பொது, அதனால் காமர்ஸ் படிக்கிற நீ பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு படித்தே ஆக வேண்டும். தவறான விடைக்கு மார்க் குறைப்பார்கள், குருட்டாம்போக்கில் அடிக்காதே.

மொழி விஷயம். கேள்வித்தாள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் வரும், தமிழில் வராது. பொதுத்திறன் தாளின் 600 மார்க்கில் 200 இங்கிலீஷுக்கே போகிறது. இது தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாரம்தான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கேட்பது இலக்கணமும் சொற்களும், சரளமாகப் பேசுவது இல்லை. ஒரு வருடம் தினமும் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் பேப்பர் படித்தால் தாண்டிவிடலாம். எஸ்.எஸ்.பி.யில் பேச வேண்டும். தடுமாறிப் பேசினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறவனை அவர்கள் கவனிப்பார்கள்.

ஹிந்தி தெரியாமல்தான் நானும் போனேன். வகுப்பெல்லாம் இங்கிலீஷில்தான், ஆனால் டிரில் என்கிற அணிவகுப்புப் பயிற்சியில் கட்டளைகள் ஹிந்தியில் வரும். முதல் வாரம், மூன்றாவது வரிசையில் நிற்கிறேன், "பாயே முட்" என்று குரல் வருகிறது, எல்லோரும் இடப்பக்கம் திரும்ப நான் வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் இருந்தவன் முகத்துக்கு நேரே முகம் வைத்து நிற்கிறேன். அவன் பீகார்க்காரன். அன்று ராத்திரி என் அறைக்கு வந்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பாயே முட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். பதிலுக்கு நான் அவனுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுத்தேன். மூன்று மாதத்தில் ஹிந்தி காதில் ஏறிவிட்டது. நீச்சல், குதிரையேற்றமும் இப்படித்தான், தெரிந்துகொண்டு போக வேண்டியதில்லை.

என் மகன் சொன்ன பேச்சே கேட்பதில்லை, எந்நேரமும் செல்போன்தான். என்.டி.ஏ.வில் போட்டுவிட்டால் ஒழுக்கம் வந்துவிடும் என்று என் அண்ணன் சொல்கிறார்.
– ஒரு தாய், சேலம்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இந்த எண்ணத்தில் அனுப்பவே அனுப்பாதீர்கள். முதல் விஷயம், "போட்டுவிட" முடியாது. ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கானவர்கள் விண்ணப்பிக்கிற இடம் அது, உள்ளே போவது சுமார் 400 பேர். எஸ்.எஸ்.பி.யில் 60 வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், ஒரு வார்த்தைக்கு 15 விநாடி, அதற்குள் மனதில் பட்டதை ஒரு வரி எழுத வேண்டும். வற்புறுத்தலுக்காக வந்து உட்கார்ந்த பையன் பத்தாவது வார்த்தையிலேயே தெரிந்துவிடுவான்.

இன்னொன்று, அங்கே போய் முதல் ஆறு மாதம் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். விடிவதற்கு முன் எழுந்து படுக்கையை மடித்து, உடற்பயிற்சி அல்லது டிரில், அப்புறம் வகுப்பு, மாலையில் விளையாட்டு, ராத்திரி படிப்பு நேரம். எங்கே போனாலும் வரிசையாகச் சைக்கிளில்தான் போக வேண்டும், பஞ்சர் என்று சொல்லி நிற்க முடியாது, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட ஓட வேண்டும். வகுப்பில் தூக்கம் கண்ணைச் சுற்றும், ஆனாலும் பாஸ் செய்தாக வேண்டும், ஏனென்றால் அது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) பட்டப்படிப்பு, பி.ஏ., பி.எஸ்சி., பி.டெக். என்று. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு.

இத்தனையையும் தாங்குகிறவன், இது எனக்கு வேண்டும் என்று தானே நினைத்து வந்தவன்தான். மகனை உட்காரவைத்துக் கேளுங்கள். அவனுக்கு ஆசை இருந்தால் செல்போனை அவனே தூரம் வைப்பான். இல்லையென்றால் விட்டுவிடுங்கள் அம்மா, அவனுக்கு வேறு நல்ல வழி இருக்கும்.

கண்ணாடி போட்டிருந்தால் எடுக்க மாட்டார்களாமே? லேசர் செய்துகொள்ளலாமா?
– மாணவி, தஞ்சாவூர்

செய்யாதே அம்மா, என்.டி.ஏ. வயதில் லேசர் செய்துகொண்டால் அதுவே தகுதியிழப்பாகிவிடும். கண்ணாடி இருந்தாலும் குறிப்பிட்ட பவர் வரை தரைப்படையில் சேரலாம், போர் விமானம் ஓட்டத்தான் விதி ரொம்பக் கடுமை. அறிவிப்பில் இருக்கிற மருத்துவ அளவுகளை எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போய்க் காட்டு.

இதுவும் அக்னிவீர் மாதிரி நாலு வருடம்தானா? சேர்ந்தவுடன் எல்லைக்கு அனுப்பிவிடுவார்களா?
– வாசகர், திருநெல்வேலி

இரண்டும் வேறு. அக்னிவீரர்களை எடுக்கிற அக்னிபத், 2022இல் வந்த, சிப்பாய் நிலைக்கான நாலு வருடத் திட்டம். என்.டி.ஏ. முடித்தவர் நிரந்தர அதிகாரி. கடக்வாஸ்லாவில் மூன்று வருடம் முடிந்ததும் தரைப்படைக்காரர் டேராடூனுக்கும், கடற்படைக்காரர் கேரளத்தில் எழிமலைக்கும், விமானப்படைக்காரர் ஹைதராபாத் பக்கம் துண்டிகலுக்கும் மேல்பயிற்சிக்குப் போவார்கள். அது முடிந்த பிறகுதான் தோளில் அதிகாரிக்கான சின்னம். எல்லைக்கும் அனுப்புவார்கள், அதற்குத்தானே போகிறோம். சென்னையில் பிறந்து ககன்யான் விண்வெளிப் பயணத்துக்குத் தேர்வான குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன்கூட இந்த அகாடமியில் படித்தவர்தான்.

பயிற்சியில் அடிபட்டால்? பிடிக்காமல் நடுவில் வந்துவிட்டால்?
– ஒரு தாய், ஓசூர்

இதைக் கேட்டதற்கு நன்றி. தானாக விலகினால் அதுவரை ஆன பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பெற்றோர் சேரும்போதே கையெழுத்துப் போடுகிறார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அடிபடுவது என் மனதை அறுக்கிற விஷயம். பயிற்சியில் பெரிய காயம் பட்டு, மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்படுகிற பயிற்சி மாணவருக்கு (கேடட்) முன்னாள் ராணுவத்தினர் என்கிற அந்தஸ்து கிடையாது, ஏனென்றால் அவர் இன்னும் அதிகாரி ஆகவில்லை. ஓய்வூதியத்துக்குப் பதில் கருணைத்தொகை என்று ஒன்று தருகிறார்கள், அது மருத்துவச் செலவுக்கே காணாது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்தது. அதன் பிறகு முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க அரசு முடிவெடுத்தது. போதாது. 18 வயதில் நாட்டுக்காக வந்து முதுகெலும்பு உடைந்தவனுக்கு, அதிகாரிக்குக் கொடுக்கிற ஊனமுற்றோர் ஓய்வூதியத்தையே கொடுக்க வேண்டும், இதை எங்கே கேட்டாலும் சொல்வேன். பெரும்பாலானவர்கள் நல்லபடியாகத்தான் முடித்து வருகிறார்கள் அம்மா, ஆனால் இதையும் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

எஸ்.எஸ்.பி.யில் என்னை எடுக்கவில்லை. வயது 19 முடிந்துவிட்டது. அவ்வளவுதானா?
– மாணவர், வேலூர்

முடிந்துவிடவில்லை. என்.டி.ஏ. வயது வரம்பு பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை, அதனால் உனக்கு அந்த வாசல் மூடியிருக்கலாம். கல்லூரியில் சேர், பட்டம் முடிக்கும்போது சி.டி.எஸ். எழுது, அதுவும் யு.பி.எஸ்.சி. நடத்துகிற ராணுவ அதிகாரித் தேர்வுதான். சென்னை பரங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமி பட்டதாரிகளுக்கானதுதான். அசோக் சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் கல்லூரி முடித்துவிட்டு அந்தப் பரங்கிமலையில் பயிற்சி எடுத்து அதிகாரியானவர். ஒரு எஸ்.எஸ்.பி.யில் எடுக்காதது அடுத்த எஸ்.எஸ்.பி.க்குத் தடையே இல்லை. அடுத்த முறை போகும்போது கோச்சிங்கில் எழுதிக்கொடுத்த வரிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகாதே.

என்.டி.ஏ. வயதில் இருக்கிற மற்றவர்களுக்கு: வழக்கமாக டிசம்பரிலும் மே மாதத்திலும் அறிவிப்பு வரும், ஏப்ரலிலும் செப்டம்பரிலும் தேர்வு. யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் மட்டும் பாருங்கள்.