ஃபோர்ட்நைட் என்ற ஆங்கிலச் சொல் எப்படிப் பிறந்தது?

ஃபோர்ட்நைட் என்பது இரண்டு கிழமைகளை, அதாவது 14 நாட்களைக் குறிக்கும் சொல். பழைய ஆங்கிலத்தில் "பதினான்கு இரவுகள்" என்று பொருள்பட்ட தொடரே நாளடைவில் சுருங்கி இவ்வடிவத்தை அடைந்தது.

பகலை விட்டு இரவை எண்ணியது ஏன் என்பதே இதில் மிகவும் சுவையான பகுதி. ஆங்கில மொழிக்கு மூலமான ஜெர்மானியக் குடிகள் காலத்தை இரவுகளாலேயே கணக்கிட்டனர் என்றும், அமாவாசையையோ பூரணையையோ ஒட்டியே தம் பொதுக்கூட்டங்களைக் கூட்டினர் என்றும் உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவில் எழுதியிருக்கிறார். நிலவைப் பார்த்து நாளை அளந்தவர்களுக்கு இரவே இயல்பான அலகு. ஏழு இரவுகளைக் குறித்த "செனிட்" என்ற சொல்லும் இருந்தது, அது வழக்கொழிந்துவிட்டது.

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கச் செல்வோர் பூரணை இரவைக் கணக்கு வைத்துக் காத்திருப்பதை நினைத்தால் இம்முறை எளிதில் விளங்கும். பூரணைக்கும் அமாவாசைக்கும் இடைப்பட்ட நம்முடைய பட்சமும் ஏறத்தாழ இதே அளவுதான், ஆயினும் அதில் திதிகள் 15.

மட்டக்களப்புக் கோட்டையை ஃபோர்ட் என்று கேட்டுப் பழகிய மாணவர் பலர் இச்சொல்லையும் கோட்டையோடு இணைக்கின்றனர். ஆனால் அதன் முற்பகுதி கோட்டையும் அன்று, நாற்பதும் அன்று, பதினான்கைக் குறித்த சொல்லின் தேய்ந்த வடிவமே.